ஜூலியம்மா கொண்டுவந்த பட்டுத் துண்டு

செய்தி வந்தபோது கூரியர் கடை வரிசையில் நின்றிருந்தேன். ஒரு கையில் நான்கு புடவைப் பார்சல்கள், மறு கையில் போன். இத்தாலியிலிருந்து மார்க்கோ அனுப்பியிருந்தார். "அத்தை நேற்றுக் காலை தூக்கத்திலேயே போய்விட்டார். வலி இல்லை. புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டார். உங்களுக்கும் ஒன்று அனுப்பச் சொல்லியிருந்தார்."

எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "இன்னாமா, பரீட்ச ரிசல்ட்டா?" என்றார். நான் பரீட்சை எழுதுவதை விட்டே நான்கு வருடம் ஆகிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஜூலியானா என்ற பெயரை ஜூலியம்மா ஆக்கி, டீ கொடுத்து, கல்யாணத்துக்கெல்லாம் கூப்பிட்ட உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஒரு சாவுச் செய்திக்கு நிம்மதி வரக்கூடாதுதான். ஆனால் வந்தது. ஏன் வந்தது என்பதைச் சொல்ல, நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லியாக வேண்டும். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது.

இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் நான் கல்லூரியை விட்டு வந்தேன். பிறகு சிம் கார்டு விற்கும் கடை, கண்ணாடிக் கடை, பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷன் என்று எதிலும் ஆறு மாதம் தாண்டவில்லை. அப்போதுதான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ் மேனேஜர் கூப்பிட்டு, ஒரு வெள்ளைக்கார அம்மாவுக்கு இங்கிலீஷும் வண்டியும் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். என் இங்கிலீஷ் சுமார். வண்டி நன்றாக ஓடும். என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஏன் படிப்பை விட்டாய் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எழுபது வயது ஜூலியம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, "எவ்வளவு வேகம் போவாய்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் குடும்பத்துக்கு ஒரு கம்பெனி இருந்தது. மூன்று தலைமுறையாகக் கோட்டு தைத்து விற்கிறவர்கள். உலகத்தில் பெரிய பணக்காரர்கள்தான் வாங்குவார்கள். அதன் கதையை அவர் முழுக்க முழுக்க என் வண்டியின் பின்சீட்டிலிருந்துதான் சொன்னார், காற்றில் பாதி பறந்துபோகும். அவருடைய தாத்தா போர் முடிந்த சமயம் பட்டாளத்துக் கம்பளிகளை மொத்தமாக வாங்கி, வெட்டி, கோட்டாகத் தைத்தார். முரட்டுக் கம்பளி. கழுத்தில் குத்தும். அதனால் உள்பக்கம் பட்டுத் துணி வைத்தார்கள். அந்தப் பட்டுதான் பிறகு பெயர் வாங்கிக் கொடுத்தது. வெளியே சாம்பல் நிறத்தில் சாதாரணமாக இருக்கும் கோட்டைப் பிரித்தால் உள்ளே குங்குமச் சிவப்பில் பட்டு, அதன் ஓரத்தில் வேறு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் ரம்பப் பல் மாதிரி வரிசை. "வெளியே அமைதி, உள்ளே திருவிழா" என்பார் ஜூலியம்மா. விளம்பரத்துக்கு அவரே எழுதிய வரியாம். அதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்கே சிரிப்பு வரும்.

தாத்தாவுக்குப் பிறகு அவர் அப்பாவும் சித்தப்பாவும். இரண்டு பேரும் ஒரே அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து, பதினோரு வருடம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் கம்பெனி நடத்தினார்களாம். ஒருவர் சொல்வதை குமாஸ்தா எழுந்து நான்கு அடி நடந்துபோய் இன்னொருவரிடம் சொல்வார். கடைசியில் சித்தப்பா பிரிந்துபோய் எதிர்த் தெருவில் அதே பெயரில் கடை போட்டார். இதைக் கேட்டபோது நாங்கள் காந்தி ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். நான் வண்டியை ஓரம் கட்டி, ஒரு பட்டுக் கடை போர்டைக் காட்டினேன். 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை.' இரண்டு கடை தள்ளி அதே பெயரில் இன்னொரு போர்டு. 'இதுவே அசல் கடை.' அர்த்தம் சொன்னதும் ஜூலியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டு போர்டையும் போட்டோ எடுத்து மார்க்கோவுக்கு அனுப்பினார். மார்க்கோ அவருடைய அண்ணன் மகன், இப்போது கம்பெனியைப் பார்ப்பவர்.

அந்தக் குடும்பத்தில் லூச்சியா என்று இன்னொருத்தர் இருந்தார். தாத்தாவின் தங்கை. கல்யாணம் ஆகவில்லை. பின்கட்டு அறையில் பொத்தான் பிரித்துப் போட்டே காலம் கழிந்துவிட்டது என்றுதான் ஜூலியம்மாவுக்குச் சொல்லியிருந்தார்கள். இடதுகைக்காரர். சாப்பிடும்போது பக்கத்தில் இருப்பவர் முழங்கையை இடிப்பார் என்று மேசை மூலையில்தான் உட்கார வைப்பார்களாம். அவர் இறந்த பிறகு பெட்டியில் ஒரு பட்டுத் துண்டு கிடைத்தது. இரண்டு கை அகலம். சிவப்பு உடல், பச்சை ஓரம், நடுவில் அதே ரம்பப் பல். அந்தக் கம்பெனியின் முதல் பட்டுத் துணியை விடப் பழையது.

அந்தத் துண்டுதான் ஜூலியம்மாவைக் காஞ்சிபுரம் வரை இழுத்து வந்தது. கம்பெனியின் விளம்பரப் புத்தகம் எல்லாவற்றிலும் அவர் அப்பா சொன்ன ஒரே கதை அச்சாகியிருக்கும். தாத்தா ஒருநாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார், தண்ணீரில் மலைகள் பல் பல்லாகத் தெரிந்தன, அதைப் பார்த்து அந்த வடிவத்தைக் கண்டுபிடித்தார் என்று. ஜூலியம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. உடலை ஒரு நிறத்திலும் கரையை ஒரு நிறத்திலும் நெய்து, இரண்டையும் தறியிலேயே பூட்டிச் சேர்க்கிற கோர்வை வேலை இந்தியாவில் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாலைந்து ஊர் சுற்றிவிட்டார். எல்லா இடத்திலும் இல்லை, இல்லை. நாங்கள் கடைசி ஊர். கம்பெனியின் வரலாற்றை உண்மையாக ஒரு புத்தகமாக எழுத அவர் ஒப்புக்கொண்டிருந்தார். "இங்கேயும் இல்லை என்றால் ஏரிக் கதையே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவேன்" என்றார். "நாளைக்கு மறுநாள் விமானம்."

ஏகாம்பரம் ஐயாவிடம் கூட்டிப்போனேன். எங்கள் அப்பாவுக்கே தறி சொல்லிக் கொடுத்தவர் அவர். நான் நெசவாளி வீட்டுப் பெண், ஆனால் தறியில் உட்கார்ந்தது இல்லை. அவர் துண்டை வாங்கி, கட்டைவிரலால் அந்தப் பல் வரிசையை ஒரு தடவை நீவினார்.

"இது நம்மது இல்லமா. பல்லு ஒண்ணு போல இல்ல பாரு."

ஜூலியம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன், "எங்களுடையதுதான் என்கிறார். அவர் அப்பா காலத்து வேலை."

யோசித்துச் சொன்னது அல்ல. அந்த முகத்துக்கு இன்னொரு இல்லை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, இவர் போய்விட்டால் நான் மறுபடி சிம் கார்டு கடைக்குப் போக வேண்டும். ஜூலியம்மா அழுதபடி ஐயாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இன்னாத்துக்கு அழுவுது இந்தம்மா?"

"உங்க தறி ரொம்ப புடிச்சிருக்குதாம் ஐயா."

"தறியப் பாத்து நாங்கதாம்பா அழுவோம். இவுங்களுக்கு இன்னா வந்துச்சு?"

அடுத்த தை மாதம் ஜூலியம்மா வந்தபோது ஐயாவின் போட்டோவோடு ஓர் அத்தியாயமே எழுதிக் கொண்டுவந்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் காட்டினார். இங்கிலீஷில் இருந்ததால் யாருக்கும் புரியவில்லை, போட்டோ நன்றாக இருக்கிறது என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த தை மாதம் அவர் பாதி உடம்பாக வந்தார். புற்றுநோய். மருத்துவர் வேண்டாம் என்றும் வந்திருக்கிறார். புத்தகத்தில் அப்பா, சித்தப்பா சண்டையிலிருந்து எல்லாவற்றையும் உள்ளபடி எழுதியிருந்தார். மார்க்கோவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரு உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். அடுத்த மாதம் ஒரு துணி நிபுணர் அந்தத் துண்டைச் சோதிப்பார். காஞ்சிபுரம் கதை சரி என்றால் புத்தகம் அப்படியே அச்சுக்குப் போகும். தப்பு என்றால் ஜூலியம்மா எழுதியது முழுவதையும் எடுத்துவிட்டு ஏரிக் கதையைப் போட்டுக்கொள்ளலாம்.

"நான் ஜெயித்துவிட்டேன்" என்றார் ஜூலியம்மா.

அன்று அவர் ஓர் ஏரி பார்க்க வேண்டும் என்றார். அப்பா சொன்ன மாதிரி ஏரியைப் பார்த்தால் யாருக்காவது துணி தோன்றுமா என்று சோதிக்கப் போகிறாராம். தென்னேரிக்குக் கூட்டிப்போனேன். ஏரி நிறையத் தண்ணீர். கரையில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தண்ணீர்தான் தெரிகிறது. கொக்கு தெரிகிறது. துணி எதுவும் தெரியவில்லை. என் அப்பா பெரிய பொய்யர், பவா. நல்ல வேளை, நம் கதை உண்மை."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஐயா இல்லை என்றார், நான் ஆமாம் என்று மாற்றினேன், இரண்டு வருடமாகச் சொல்லப் பயம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதும் அதிலேயே தீர்ந்துவிட்டது.

ஜூலியம்மா தமிழில் ஒரே வார்த்தை சொன்னார். "இரு." கரையோரமாக நடந்துபோனார். அந்த உடம்போடு ரொம்ப தூரம் போனார். நான் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தேன். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"ஏன்?"

"நீங்க போயிடுவீங்கன்னு."

"வண்டியை எடு. அவரிடம் போகலாம். இந்த முறை அவர் சொல்வதை மட்டும் சொல்."

எப்போதும் என் தோளைப் பிடித்துக்கொள்பவர் அன்று பின்னால் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வாலாஜாபாத் தாண்டி வரும்வரை அந்தத் தோள் எனக்குத் தனியாகக் கனத்தது.

ஐயா தறிக்குழியில் காலை விட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் முதலில் தமிழில் என் குட்டை உடைத்தேன். பிறகு அதையே இங்கிலீஷில். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அடிப்பாவி. ரெண்டு வருசமா இந்தம்மா வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுவுதே, அதுக்கா?"

"ஆமா ஐயா."

"நான் இல்லன்னு சொன்னேன். இல்லன்னா அடுத்து இன்னா கேப்பாங்க? அப்ப யாருதுன்னு கேப்பாங்க. நீ கேக்கவே இல்ல. இன்னாத்துக்கு அழுவுதுன்னா தறி புடிச்சிருக்குதுன்ற. நானும் விட்டுட்டேன்."

இதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜூலியம்மா துண்டை எடுத்து அவர் மடியில் வைத்தார். "கேள்" என்றார் என்னிடம்.

"அப்ப யாருது ஐயா?"

"பின்னாடி பாக்கணும். பின்னாடி துணி வெச்சி மூடிக்கீதே."

பட்டுக்குப் பின்னால் பழைய பருத்தித் துணி ஒன்றை நான்கு பக்கமும் வைத்துத் தைத்திருந்தது. அதைப் பிரிக்க ஜூலியம்மா யாரையும் விட்டதில்லை. ஐயா கேட்டதும் ஜூலியம்மா துண்டின் ஓரத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து சிறிய கத்தரியை எடுத்து நீட்டினார். ஐயா ஒரு மூலையை மட்டும் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். சிரித்தார்.

"இது தறியிலயே வரல. கோர்வன்னா உடம்பு இழையும் கர இழையும் ஒண்ண ஒண்ணு கவ்விக்கும். ரெண்டு இழதான். இங்க மூணாவதா ஒண்ணு ஓடிக்கினு இருக்குது பாரு. ஊசி. போயி யூசுப்பைக் கூட்டியா."

பக்கத்துச் சந்தில் ப்ளவுஸ் தைக்கும் யூசுப் பாய் கழுத்தில் டேப்போடு வந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ்" என்றார் கடைசியில். "அண்ணே, ரெண்டு வேற துணி. வெட்டிப் போட்ட மிச்சம். நேரா சேத்தா பட்டு பிரிஞ்சிடும்னு பல்லு பல்லா மடிச்சி எடுத்துக்கீறாங்க. இன்னா கைபா இது. நான் தெச்சா தெரியும். இது தெரியல."

"யாரு தெச்சிருப்பாங்க பாய்?" என்றேன்.

"அத நான் எப்டிமா சொல்றது. ஒண்ணு சொல்றேன். தையல் சாயுறது எதிர்ப் பக்கமா இருக்குது. எடது கைக்காரங்க."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜூலியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று ஐயா தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். மயக்கம் இல்லை.

"மேசை மூலை" என்றார். "மேசை மூலையில் உட்கார வைத்தோம்."

பிறகு தானாகவே பேசிக்கொண்டு போனார், நான் ஐயாவுக்கும் பாய்க்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். வெட்டி மீந்த துணியை வீணாக்காமல் சேர்த்துக் கோட்டுக்கு உள்ளே வைத்தது லூச்சியா. அதைப் பார்த்துத்தான் தாத்தா நெய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும். மலையும் இல்லை, ஏரியும் இல்லை. "நாங்கள் தையல்காரக் குடும்பம். எங்களில் இப்போது ஊசி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எனக்கும் தெரியாது. அதனால்தான் தையலைப் பார்த்து நெசவு என்று நினைத்து உலகம் சுற்றினேன்" என்றார்.

ஐயாவுக்கு ஒரு குறை. "அப்ப நம்ம ஊருக்கு இதுல ஒண்ணும் இல்லியா?"

"உங்க போட்டோ போயிடுமே ஐயா" என்றேன்.

"போவுட்டும்பா. இல்லாத பேரு எதுக்கு? இருக்கிற பேருக்கே வேல செஞ்சி முடியல."

நான் வண்டியை எடுத்தபோது ஜூலியம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் அழுத்தியே பிடித்தார், வலித்தது. லாட்ஜ் வாசலில் இறங்கி, "உன் மேல் கோபம் இருக்கிறது. எனக்கு இருப்பதே கொஞ்ச காலம், அதில் இரண்டு வருடம் போய்விட்டது. ஆனால் அந்த நிபுணருக்கு முன்னால் சொல்லிவிட்டாய்" என்றார். நான் மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். "போதும்பா" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் காஞ்சிபுரம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு லூச்சியா அத்தியாயத்தை எழுதினார். நிபுணர் முழுவதும் பிரித்துப் பார்த்து, பாய் சொன்னதையே சொன்னாராம். இடது கை உட்பட. மார்க்கோ அதற்குப் பிறகு ஒரு வரியும் எடுக்கச் சொல்லவில்லை. நான் போனில் கேட்டபோது ஜூலியம்மா சொன்னார், "குடும்பக் கம்பெனியில் ராஜினாமா கிடையாது, பவா. ஆனால் இப்போது எனக்கு விடுமுறை மாதிரி இருக்கிறது." குரல் மெலிந்திருந்தது. ஆனால் லேசாக இருந்தது. அதுதான் நான் கடைசியாகக் கேட்ட குரல்.

செய்தி வந்த மூன்றாம் நாள் பார்சல் வந்தது. புத்தகத்தில் ஐயாவின் போட்டோ இருக்கிறது, அன்று தறிக்கருகில் எடுத்த புதியது. பக்கத்தில் யூசுப் பாயும் சேர்ந்து நிற்கிறார், கழுத்தில் டேப்போடு. 'இது எங்களுடையது அல்ல என்று உண்மை சொன்னவர்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. நன்றிப் பக்கத்தில் என் பெயர். அதற்கு நேராக, 'எனக்கு ஒரு பொய் சொல்லி, பிறகு தானே வந்து திருத்திய மொழிபெயர்ப்பாளர்.' எங்கள் அம்மா அர்த்தம் கேட்டார். சொன்னேன். "பொய்யின்னு அச்சுல போட்டுட்டாங்களேடி" என்று தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு இதைவிட நல்ல சர்டிபிகேட் யாரும் தரப்போவதில்லை.

ஐயாவிடம் புத்தகத்தைக் காட்டி, ஜூலியம்மா போய்விட்டதைச் சொன்னேன். இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சிக்கினு போனாங்க இல்ல?" என்றார். "தெரிஞ்சிக்கினு போனாங்க ஐயா." தலையை ஆட்டிவிட்டு மறுபடி நாடாவை எடுத்தார். அவருக்கும் அந்த மூச்சுதான் வந்தது, நான் பார்த்தேன்.

புத்தகத்தோடு ஒரு கவரும் இருந்தது. பட்டுத் துண்டு அவர்கள் கம்பெனிக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய்விட்டது. எனக்கு வந்தது அதன் பின்னால் வைத்துத் தைத்திருந்த பருத்தித் துணி. ஐயா பிரித்த மூலை மடங்கியபடியே இருக்கிறது. உண்மையை அத்தனை வருடம் மூடி வைத்திருந்தது இந்தத் துணிதான். அதை என்னிடம் கொடுக்க ஜூலியம்மாவுக்குத்தான் தோன்றும். ஜூலியம்மாவிடமிருந்து எனக்கு மிச்சம் இதுவும், இதோடு சேர்ந்த ஒரு பழக்கமும்.

இப்போது நான் போனில் புடவை காட்டி விற்கிறேன். நேற்று வெளியூர் அம்மா ஒருவர் வீடியோவில் ஒரு மாம்பழ நிறப் புடவையைப் பிடித்துக்கொண்டார். இது கோர்வைதானே என்றார். பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆமாம் என்றால் அடுத்த நிமிடம் வாங்கிவிடுவார்.

"இல்லைங்க" என்றேன்.

கட் செய்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டார், "அப்ப கோர்வை எது, காட்டுங்க."